கல்யாணத்துக்கு முன்னால் வலிப்பு மாத்திரையை நிறுத்தலாமா?

கேள்வி: வணக்கம் டாக்டர் அம்மா. எங்களுக்கு அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு கிராமம். நான் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். அம்மாவும் தங்கச்சியும் ஊரில் பீடி சுற்றுகிறார்கள். தங்கச்சிக்கு வயது 23. பதினைந்து வயதில் முதல் தடவை வலிப்பு வந்தது. அன்றிலிருந்து சோடியம் வால்ப்ரோயேட் மாத்திரை, காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று. ஒழுங்காகச் சாப்பிட்டாள், இரண்டு வருஷத்துக்கு மேல் ஒன்றும் வரவில்லை. இப்போது ஆலங்குளம் பக்கத்திலிருந்து நல்ல இடம் வந்திருக்கிறது. தை மாதம் கல்யாணம் வைக்கலாம் என்று பேச்சு. மாத்திரை சாப்பிடுவது தெரிந்தால் சம்பந்தம் முறிந்துவிடும், இந்த மாத்திரை சாப்பிட்டால் பிள்ளையும் தங்காது என்று யாரோ சொல்ல, அம்மா அதை நிறுத்திவிட்டார். அதன்பிறகு காலையில் எழுந்ததும் தங்கச்சிக்குக் கை வெட்டி வெட்டி இழுக்கும். காபி டம்ளர் தெறித்து விழும். நரம்புத் தளர்ச்சி என்று நினைத்து டானிக் வாங்கிக் கொடுத்தார்கள். போன வாரம் சுடலைமாடன் கோயிலில் ஆடிக் கொடை. ராத்திரி முழுக்க வில்லுப்பாட்டு கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். விடிந்து வீட்டுக்கு வந்தவள் முற்றத்திலேயே விழுந்து வெட்டு வந்துவிட்டது. சித்தப்பா கையில் இரும்புச் சாவியைக் கொடுத்தார், அப்புறம் நின்றது. இப்போது அம்மா பாதி மாத்திரை மட்டும் கொடுக்கிறார். தென்காசிப் பக்கம் ஒருவர் பொடி கொடுப்பார், ஒரு மண்டலத்தில் அடியோடு போய்விடும் என்கிறார் பெரியப்பா. மாத்திரை ஆயுசுக்கும் வேண்டுமா? மூளையையும் கிட்னியையும் கெடுத்துவிடுமா? மாப்பிள்ளை வீட்டில் சொல்லத்தான் வேண்டுமா?

பதில்: தம்பி, அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். இதைப் படித்த உடனே அம்மாவுக்குப் போன் போடுங்கள். தங்கச்சியை இந்த வாரமே நரம்பியல் டாக்டரிடம் கூட்டிப்போக வேண்டும். பாதி மாத்திரை என்பது அம்மா மனச்சமாதானத்துக்குக் கொடுக்கிற அளவு, அவளுடைய எடைக்கும் நோய்க்கும் கணக்குப் பார்த்துக் கொடுத்த அளவு அல்ல. உறை போட்ட மாத்திரையாக இருந்தால் அதை உடைக்கவே கூடாது. நிறுத்தின மருந்தை எந்த அளவிலிருந்து மறுபடி தொடங்குவது என்பதை டாக்டர் சொல்லட்டும். சில வலிப்பு மருந்துகளை விட்ட இடத்திலிருந்து முழு அளவில் தொடங்கினால் உடம்பில் கடுமையான தடிப்பு வந்துவிடும், அதனால் நீங்களாக முடிவு செய்ய வேண்டாம். அதுவரை அவள் ராத்திரி நேரத்தோடு தூங்கட்டும், தனியாகக் குளிக்கப் போக வேண்டாம்.

உங்கள் கடிதத்தில் என் கண் நின்ற இடம் அந்தக் காபி டம்ளர். வலிப்பு என்றதும் விழுந்து, கைகால் வெட்டி, நுரை தள்ளுவதைத்தான் எல்லோரும் சொல்வார்கள். காலையில் எழுந்த ஒரு மணி நேரத்துக்குள் கை திடீரென்று ஒரு வெட்டு வெட்டும், கையில் இருப்பது தெறிக்கும், ஆனால் நினைவு தப்பாது. அதை நோயாளிகள் டாக்டரிடம் சொல்வதே இல்லை. தூக்கக் கலக்கம், பலவீனம், நரம்புத் தளர்ச்சி என்று அதற்கு வேறு பெயர் வைத்துவிடுகிறார்கள். அந்த வெட்டும் வலிப்புதான். பன்னிரண்டிலிருந்து பதினெட்டு வயதுக்குள் ஆரம்பித்து, காலையில் இப்படிக் கை தெறிப்பதும், தூக்கம் கெட்ட மறுநாள் பெரிய வலிப்பு வருவதுமாக ஒரு வகை உண்டு. ஜுவனைல் மையோக்ளோனிக் எபிலெப்சி என்று எழுதுவோம். கடிதத்தை வைத்து உங்கள் தங்கச்சிக்கு அதுதான் என்று நான் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் நீங்கள் எழுதியிருக்கிற ஒவ்வொன்றும் அந்தப் பக்கம்தான் கைகாட்டுகிறது. ஆரம்பித்த வயது, மருந்தை நிறுத்தியதும் கை தெறித்தது, கொடை ராத்திரி கண் விழித்தது, விடிந்ததும் விழுந்தது. கொடையில் போடுகிற மினுக்கு விளக்குகளும் இந்த வகைக்காரர்களில் சிலருக்கு ஆகாது.

இதை ஏன் இவ்வளவு விரித்துச் சொல்கிறேன் என்றால், எந்த வகை வலிப்பு என்பதைப் பொறுத்துத்தான் மருந்து. ஃபெனிட்டாயின், கார்பமாசிபின் இரண்டும் வேறு வகை வலிப்புகளுக்கு நன்றாகக் கேட்கிற மருந்துகள். இந்த வகையில் அவை கைத் தெறிப்பைக் கூட்டிவிடலாம். அதனால் டாக்டரிடம் போகும்போது முற்றத்தில் விழுந்ததை மட்டும் சொல்லிவிட்டு வராதீர்கள். டம்ளர் விழுந்ததைச் சொல்லுங்கள். சொளகை மடியில் வைத்து இலை வெட்டும்போது கத்தரி தெறித்ததா, தூள் சிதறியதா என்று தங்கச்சியிடம் கேட்டு வையுங்கள். அடுத்த தடவை கை வெட்டினால் பக்கத்தில் இருப்பவர் போனில் வீடியோ எடுக்கட்டும். மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்கிற இஇஜி பரிசோதனை எடுத்த நேரத்தில் மூளை அமைதியாக இருந்தால் அது நார்மல் என்றே வரும், அதை வைத்து நோய் இல்லை என்று யாரும் முடிவு கட்டக் கூடாது. அரை நிமிஷ வீடியோ எங்களுக்குப் பல நேரம் அதைவிட அதிகம் சொல்லும். எட்டு வருஷத்துச் சீட்டுகள், ஸ்கேன் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள்.

ஆயுசுக்கும் வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். எல்லா வலிப்புக்கும் வேண்டாம். நம் ஊர்களில் நாடாப்புழு முட்டை வயிற்றுக்குள் போய் மூளையில் சின்னக் கட்டியாகத் தங்கி வலிப்பு வருகிறவர்கள் உண்டு. கட்டி கரைந்து வலிப்பும் இல்லை என்றால் அவர்களில் பலருக்கு மருந்தை நிறுத்திவிடலாம். பொதுவாக இரண்டு வருஷமாவது ஒரு வலிப்பும் வராமல் இருந்தால் குறைப்பதைப் பற்றி யோசிப்போம், அதையும் மாதக்கணக்கில், கொஞ்சம் கொஞ்சமாகத்தான் செய்வோம். ஆனால் நான் மேலே சொன்ன காலைத் தெறிப்பு வகை, மருந்துக்கு நன்றாக அடங்கும், நிறுத்தினால் பெரும்பாலும் திரும்பி வரும். அதனால் பல வருஷம், சிலருக்கு வாழ்நாள் முழுக்க, மாத்திரை தேவைப்படும். சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டே பேரன் பேத்தி எடுத்தவர்கள் ஒவ்வொரு தெருவிலும் இருக்கிறார்கள், அதில் யாருக்கும் வெட்கம் இல்லை. இந்த ஒரு மாத்திரைக்கு மட்டும் ஏன் ஒளிவுமறைவு என்று எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. உலகத்தில் சுமார் 5 கோடிப் பேருக்கு வலிப்பு நோய் இருக்கிறது. சரியாகக் கண்டுபிடித்துச் சரியான மருந்து கொடுத்தால் அவர்களில் 100க்கு 70 பேர் வரை வலிப்பே இல்லாமல் வாழலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. உங்கள் தங்கச்சி இரண்டு வருஷம் அப்படித்தான் வாழ்ந்திருக்கிறாள்.

திடீரென்று நிறுத்துவதில் இருக்கிற ஆபத்து, வலிப்பு திரும்பி வருவதோடு முடிவதில்லை. ஒன்று நிற்காமல் அடுத்தது என்று தொடர்ந்து போய் ஐசியூவில் சேர்க்க வேண்டிய நிலை வரலாம், உயிரும் போகலாம். அம்மாவைத் திட்டச் சொல்லவில்லை. பயந்து செய்திருக்கிறார். ஆனால் இது அவருக்குத் தெரிய வேண்டும்.

கிட்னி பயத்தை விட்டுவிடுங்கள். வால்ப்ரோயேட் கிட்னியைக் கெடுக்கும் என்று பயப்பட வேண்டியதில்லை, மூளையையும் தின்றுவிடாது. அதற்கென்று வேறு தொல்லைகள் உண்டு. எடை கூடும், முடி கொட்டும், கை லேசாக நடுங்கும், சிலருக்கு மாதவிலக்கு தள்ளிப்போகும், அபூர்வமாக ஈரல் பாதிக்கப்படும். இதற்கெல்லாம் பரிசோதனை இருக்கிறது.

ஆனால் பிள்ளை விஷயத்தில் அம்மா காதில் விழுந்த பேச்சில் பாதி உண்மை இருக்கிறது, அந்தப் பாதியை யாராவது இதற்குள் உங்களுக்கு ஒழுங்காக விளக்கியிருக்க வேண்டும். பிள்ளை பிறக்காது என்பது தப்பு. வலிப்பு உள்ள பெண்களில் பெரும்பாலானவர்களுக்கு நல்ல சுகமான குழந்தைதான் பிறக்கிறது, தாய்ப்பாலும் கொடுக்கலாம். ஆனால் வலிப்பு மருந்துகளிலேயே கர்ப்ப காலத்தில் அதிகம் கவலைப்பட வேண்டியது இந்த வால்ப்ரோயேட்தான். இதைச் சாப்பிடும் தாய்மார்களுக்குப் பிறக்கிற குழந்தைகளில் 10க்கு 1 என்ற அளவில் முதுகுத்தண்டு சரியாக மூடாதது, இதயக் கோளாறு, அன்னப்பிளவு போன்ற பிறவிக் குறைகள் வருகின்றன. பொதுவாக எல்லாக் குழந்தைகளையும் எடுத்துக்கொண்டால் இது 100க்கு 2, 3தான். அதோடு, 100க்கு 30, 40 குழந்தைகளுக்குப் பேச்சு, படிப்பு, புத்தி வளர்ச்சியில் பின்னடைவு வரலாம். மருந்தின் அளவு கூடினால் ஆபத்தும் கூடும்.

இதில் நேரம்தான் முக்கியம். குழந்தையின் முதுகுத்தண்டு கரு உண்டான முதல் நான்கு வாரத்துக்குள் மூடிவிடும். நாள் தள்ளிப்போயிருக்கிறது என்று பெண்ணுக்குத் தெரிய வருவதற்குள் அந்த வேலை முடிந்திருக்கும். மசக்கை வந்தபிறகு டாக்டரிடம் ஓடினால் அந்தக் குறையைத் தடுக்க முடியாது, பயந்துபோய் மாத்திரையை நிறுத்தினால் வலிப்பு வந்து தாய், பிள்ளை இரண்டு பேருக்கும் ஆபத்து. ஆகவே மருந்தை மாற்றுவதாக இருந்தால் தாலி ஏறுவதற்கு முன்பே மாற்ற வேண்டும். லெவிடிராசிட்டாம், லாமோட்ரிஜின் என்று கருவுக்கு ஆபத்து குறைந்த மருந்துகள் இருக்கின்றன. இரண்டிலும் கவனிக்க வேண்டியது உண்டு. லெவிடிராசிட்டாமில் சிலருக்கு எரிச்சலும் கோபமும் வரும், வீட்டில் இருப்பவர்கள் அதைச் சுபாவம் என்று நினைத்துவிடக் கூடாது. லாமோட்ரிஜினை வாரக்கணக்கில் படிப்படியாகத்தான் ஏற்ற முடியும், சிலருக்குக் கைத் தெறிப்பைக் கூட்டவும் செய்யும். புது மருந்து ஏறி, பழையது இறங்கி, வலிப்பு அடங்கியிருக்கிறதா என்று பார்க்க மாதங்கள் ஆகும். ஆடி முடிந்து தை வர இருக்கிற காலம் இதற்குச் சரியாக இருக்கும். கல்யாணம் வருகிறது என்பதற்காக டாக்டரிடம் போவதை நிறுத்தியிருக்கிறீர்கள். கல்யாணம் வருகிறது என்பதற்காகவே நீங்கள் இப்போது போக வேண்டும்.

ஃபோலிக் ஆசிட் மாத்திரையையும் அப்போதே கேளுங்கள். வலிப்பு மருந்து சாப்பிடும் பெண்களுக்குக் கரு உண்டாவதற்கு முன்பிருந்தே, வழக்கமாக 5 மில்லிகிராம் கொடுப்போம். முதல் வருஷம் குழந்தை வேண்டாம் என்று நினைத்தால் அதையும் சொல்ல வேண்டும். சில வலிப்பு மருந்துகள் கருத்தடை மாத்திரையின் வேலையைக் குறைக்கும், சில கருத்தடை மாத்திரைகள் லாமோட்ரிஜினின் வேலையைக் குறைக்கும். இதையெல்லாம் அண்ணனும் சித்தப்பாவும் நிற்கும்போது அந்தப் பெண் எப்படிக் கேட்பாள்? டாக்டர் அறையில் பத்து நிமிஷம் அவளைத் தனியாகப் பேச விட்டு நீங்கள் வெளியே நில்லுங்கள்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். அம்மா நினைப்பது, பெரியப்பா சொல்வது, சித்தப்பா செய்தது எல்லாம் கடிதத்தில் இருக்கிறது. மாத்திரையை நிறுத்தியபோது தங்கச்சி என்ன சொன்னாள் என்று ஒரு வரி இல்லை. எட்டு வருஷமாக அவளே ஒழுங்காகச் சாப்பிட்டு வந்த மருந்து அது. அவளிடம் கேட்டீர்களா?

மாப்பிள்ளை வீட்டில் சொல்ல வேண்டும். இதில் எனக்கு இரண்டு யோசனை இல்லை. எங்கள் ஓபிக்கு வருகிற புதுப்பெண்களில், கணவர் கூடவே நிற்கிறவர்கள் உண்டு. மாத்திரை அட்டையைச் சேலை மடிப்புக்குள்ளும் அரிசிப் பானைக்குள்ளும் ஒளித்து வைத்து, யாரும் பார்க்காத நேரம் கிடைத்தால் விழுங்கி, கிடைக்காத நாளில் விட்டு, மாமியார் வீட்டு அடுப்படியில் விழுந்து தீக்காயத்தோடு வருகிறவர்களும் உண்டு. மறைத்துக் கட்டிவைத்த வீடுகளில்தான் இந்த இரண்டாவது கூட்டம். சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். 1955ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டத்தில், 1976இல் வந்த ஒரு திருத்தத்தால், வலிப்பு நோயும் திருமணத்துக்குத் தடையாக இருந்தது. 1999இல் இன்னொரு திருத்தம் வந்து அந்த வார்த்தையை எடுத்துவிட்டார்கள். வலிப்பு இருப்பதை மட்டும் காரணம் காட்டி அந்தச் சட்டத்தில் கல்யாணத்தைச் செல்லாது என்று சொல்ல முடியாது. மறைத்து வைத்து ஏமாற்றிக் கட்டிவைத்தார்கள் என்று வழக்குப் போடத்தான் இன்னமும் இடம் இருக்கிறது. சொன்னால் சட்டம் உங்கள் பக்கம், மறைத்தால் நீங்களே ஒரு பிடியைக் கொடுக்கிறீர்கள்.

எப்படிச் சொல்வது என்று மலைக்க வேண்டாம். தரகர் மூலம் சொல்லி அனுப்பாதீர்கள், அது ஆலங்குளம் போய்ச் சேருவதற்குள் வேறு கதையாகிவிடும். மருந்து சரியாகி வலிப்பு அடங்கினபின், நிச்சயத்துக்கு முன்னால், மாப்பிள்ளையும் தங்கச்சியும் நேரில் பேசட்டும். அவர் விரும்பினால் ஒரு தடவை டாக்டரிடம் கூடவே வரட்டும். பிள்ளைக்கும் வருமா என்றுதான் முதலில் கேட்பார்கள். தாய்க்கு வலிப்பு இருந்தால் பிள்ளைக்கு வர வாய்ப்பு மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூடுதல், ஆனாலும் 100 பிள்ளைகளில் ஒரு சிலருக்குத்தான் வரும். தொட்டால், எச்சில் பட்டால் ஒட்டுகிற நோய் இல்லை. இதைக் கேட்டுவிட்டு வேண்டாம் என்று போகிறவர்கள் போகட்டும். கேட்டபிறகும் நிற்கிறவர் வீட்டில் அவள் நிம்மதியாக மாத்திரை சாப்பிடலாம்.

பெரியப்பா சொன்ன பொடிக்கு வருகிறேன். சித்த வைத்தியத்தைக் குறைத்துப் பேச எனக்கு மனசில்லை. பாளையங்கோட்டையில் அரசு சித்த மருத்துவக் கல்லூரியே இருக்கிறது, அங்கே படித்த வைத்தியர்கள் இருக்கிறார்கள். போக விரும்பினால் அங்கே போய், சாப்பிடுகிற மாத்திரையையும் காட்டி, இரண்டு பக்கமும் தெரிய வைத்துச் சாப்பிடுங்கள், மாத்திரையை மட்டும் நிறுத்தாதீர்கள். பெயரில்லாத பொட்டலம் வேறு விஷயம். வலிப்புக்கு மூலிகைப் பொடி என்று விற்றவற்றைச் சோதித்துப் பார்த்ததில், ஃபீனோபார்பிட்டோன் போன்ற இங்கிலீஷ் மருந்தையே அளவில்லாமல் கலந்திருந்தது இந்தியாவில் தெரிய வந்திருக்கிறது. அப்படிப்பட்ட பொடியில் வலிப்பு நிற்கத்தான் செய்யும். நாள் முழுக்கத் தூங்கி வழிவார்கள். ஒரு மண்டலம் முடிந்து பொடியை நிறுத்தியதும் அடக்கி வைத்த வலிப்பு மொத்தமாக வரும். உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதித் தராதவரிடம் மருந்து வாங்காதீர்கள்.

எங்கே போவது என்றால், உங்களுக்குப் பக்கத்தில் பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரி இருக்கிறது, மருத்துவக் கல்லூரியோடு சேர்ந்தது, நரம்பியல் பிரிவு உண்டு. அம்பாசமுத்திரம் அரசு ஆஸ்பத்திரியில் காட்டி, கடிதம் வாங்கிக்கொண்டும் போகலாம். வலிப்பு மாத்திரைகளை அரசு ஆஸ்பத்திரியில் காசில்லாமல் கொடுக்கிறார்கள். தனியார் டாக்டரிடம் காட்டினாலும் குற்றமில்லை, மாதாமாதம் வாங்கிக் கட்டுப்படியாகுமா என்று மட்டும் முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் காசில்லாமல் பாதியில் நிற்கிற மருந்துதான் இங்கே மோசமான மருந்து. அட்டை தீர்ந்தபிறகு வாங்கப் போகாதீர்கள், இரண்டு வாரத்துக்கு எப்போதும் கையிருப்பு வேண்டும். 2023 டிசம்பர் வெள்ளத்தில் ஸ்ரீவைகுண்டம், ஏரல் பக்கம் ஊர்கள் துண்டிக்கப்பட்டுக் கிடந்ததை நாம் பார்த்தோம். மெடிக்கலில் அந்தக் கம்பெனி மாத்திரை இல்லை, இதுவும் அதேதான் என்று வேறு கொடுத்தால் டாக்டரிடம் கேட்டபிறகு மாற்றுங்கள்.

சாவியைப் பற்றிச் சித்தப்பாவிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். வலிப்பு பெரும்பாலும் ஓரிரு நிமிஷத்தில் தானாகவே நிற்கும். சாவி தேடி எடுத்து வருவதற்குள் அந்த நேரம் ஆகிவிடுகிறது, பெயர் சாவிக்குப் போகிறது. அந்த நேரத்தில் பக்கத்தில் அம்மியோ அடுப்போ இருந்தால் நகர்த்த வேண்டும், தலைக்குக் கீழே துணியை மடித்து வைக்க வேண்டும், வெட்டு நின்றதும் ஒருக்களித்துப் படுக்க வைத்து வாயிலிருப்பது வெளியே வடிய விட வேண்டும். வாயில் கரண்டி, துணி, தண்ணீர், சோடா எதுவும் கூடாது. கைகாலை அமுக்கிப் பிடிக்கவும் கூடாது. கடிகாரத்தைப் பாருங்கள். 5 நிமிஷத்தைத் தாண்டினாலும், நினைவு திரும்புவதற்குள் அடுத்தது வந்தாலும், தண்ணீருக்குள் வந்தாலும், 108ஐக் கூப்பிடுங்கள். கர்ப்பமாக இருக்கும்போது வந்தால் ஒரு நிமிஷம்கூடக் காத்திருக்க வேண்டாம்.

வலிப்பு அடங்கினது என்று டாக்டர் சொல்லும்வரை தாமிரபரணியில் தனியாக இறங்க வேண்டாம், குற்றாலத்தில் பேரருவிக்கு அடியில் நிற்க வேண்டாம், ஸ்கூட்டி வேண்டாம். குளியலறைத் தாழ்ப்பாளைப் போட வேண்டாம். பீடி சுற்றலாம், ஆனால் தூக்கத்தைத் தின்று கணக்கு முடிக்கிற வேலை வேண்டாம்.

கல்யாண நாளுக்கும் ஒரு ஏற்பாடு வேண்டும், இதை யாரும் யோசிப்பதில்லை. முந்தின ராத்திரி உறவுக்கூட்டம், மருதாணி, பேச்சு, அப்புறம் மூன்று மணிக்கு எழுப்பித் தலைக்கு ஊற்றி அலங்காரம் என்றால், கொடை ராத்திரி நடந்ததை மணவறையில் நீங்களே வரவழைக்கிற மாதிரி ஆகிவிடும். அதிகாலை முகூர்த்தம் வேண்டாம், ஒன்பது மணிக்கு மேல் வைக்கச் சொல்லிக் கேளுங்கள். பத்து மணிக்கு அவளைப் படுக்க அனுப்பிவிட்டு, கதவுக்கு வெளியே ஒரு அத்தையை உட்கார வையுங்கள். முகூர்த்தம் வரை வெறும் வயிறு என்றாலும் மாத்திரை தள்ளிப்போகக் கூடாது, ஒரு வாய்த் தண்ணீரில் விழுங்கினால் எந்தச் சாங்கியமும் கெடாது. மாத்திரை அட்டை சீர்வரிசைப் பெட்டிக்குள் போய்விடாமல் அவள் கைப்பையிலேயே இருக்கட்டும், இன்னொரு அட்டையை மாப்பிள்ளை கையில் கொடுத்துவிடுங்கள்.